காக்கா தம்பிக்குள் கணக்கு எதற்கு?



ஜனாஸாத் தொழுகைக்கு முன் நம் பகுதிப் பள்ளிவாசல்களில் ஓர் அறிவிப்புச் செய்யப்படும். மவுத்தானவரின் மகனோ சகோதரரோ எழுந்து நின்று, இவர் யாருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் எங்களிடம் பெற்றுக்கொள்ளுங்கள், இல்லையேல் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்வார். நல்ல வழக்கம். கடனுடன் இறந்த ஒருவருக்குத் தொழுகை நடத்த நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை என்பதும், அக்கடனை அபூ கதாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பின்னரே தொழ வைத்தார்கள் என்பதும் நாம் அறிந்தவை. ஆனால், இறந்தவருக்கு வர வேண்டியது என்ன, அது யாரிடம் இருக்கிறது என்று அந்த வேளையில் எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்த ஒரு நிகழ்வே நம்மை இதை எழுத வைத்தது.

ஆழ்வார்திருநகரியில் தாமிரபரணி நம் வாசலருகே ஓடுகிறது. வயலும் வாழையும் இருக்கின்றன. எனினும் இச்சுற்று வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பு எரிவது கடலுக்கு அப்பாலிருந்து வரும் பணத்தால்தான். அப்படித் துபாய் தேராவில் வேலை பார்த்த ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் உறக்கத்திலேயே மவுத்தானார். அறையில் அவருடன் ஐவர் தங்கியிருந்தனர். ஜனாஸா ஊர் வந்து சேர அந்த ஐவரும் ஓடியாடினார்கள், கைப்பணமும் போட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. அதை நாம் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த பின், இறந்தவருடைய மனைவியின் தம்பி நம்மைப் பார்க்க வந்தார். சிறுவயதில் நம்மிடம் ஓதியவர். "ஆலிம்சா, மச்சான் அந்த ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தாங்க. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் ஆறு பேரும் சேந்து வாங்குனது. மெஸ் காசு அந்த மாசத்துக்கு முன்னாடியே கட்டிட்டாங்க. அத அவங்ககிட்ட கேக்கலாமா? கேட்டா அசிங்கமா இருக்குமா?" என்றார்.

அவர் கேட்ட தொனியே நம்மை வருத்தியது. தனக்குரியதைக் கேட்பவர் கூனிக் குறுகி நிற்கிறார். வைத்திருப்பவருக்கோ எந்தக் கூச்சமும் இல்லை. அட்வான்ஸ் மீராஸ் சொத்து. குளிர்சாதனப் பெட்டியில் ஆறில் ஒரு பங்கும் மீராஸ் சொத்து. மனைவிக்கு எட்டில் ஒன்று போக, மற்ற வாரிசுகளுக்கும் பருவமடையாத இரு பிள்ளைகளுக்கும் உரியது. அனாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 10ஆம் வசனம் எச்சரிப்பது இத்தகைய பொருளைப் பற்றித்தான். இதைச் சொல்லி, அவர் முன்னிலையிலேயே அறையின் மூத்தவருக்கு நாம் தொலைபேசியில் பேசினோம். அவர் மரியாதையாகவே பதில் கூறினார்: "நாங்க காக்கா தம்பி மாதிரி இருந்தோம் ஆலிம்சா. எங்களுக்குள்ள என்ன கணக்கு?"

இந்த வாசகத்தோடுதான் நமக்கு வழக்கு.

கேட்பதற்கு இனிமையான சொல். சகோதரத்துவத்தின் வாசனை வீசுகிறது. ஆனால் இதை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்று கவனியுங்கள். புதிதாக வந்து கட்டிலின் மேல்தட்டில் படுத்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன், பத்தாண்டுகளாக அறையை வைத்திருக்கும் பெரியவரிடம் "நமக்குள் கணக்கு எதற்கு" என்று சொல்வதை நாம் கேட்டதில்லை. பெரியவர்தான் பையனிடம் சொல்கிறார். கொடுக்க வேண்டியவர் வாங்க வேண்டியவரிடம் சொல்லும் சொல் இது. வாங்க வேண்டியவர் வாய் திறந்தால் அற்பன், கஞ்சன், ஊர்க்காரனிடம் காசு பார்ப்பவன் என்ற பெயர் காத்திருக்கிறது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் பாட்டிமார் சொன்னது. அவர்களைவிடவா நாம் பாசக்காரர்கள்?

மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் காட்டுவோரும் உண்டு. அஷ்அரீ குலத்தாரைப் பற்றிய ஹதீஸை எடுத்துவைப்பார்கள். போர்ப் பயணத்தில் உணவு தீர்ந்துபோனாலோ, மதீனாவில் தம் குடும்பத்தாருக்கு உணவு குறைந்தாலோ, அவர்கள் தம்மிடமுள்ள அனைத்தையும் ஒரே துணியில் கொட்டிச் சேர்ப்பார்கள். பின்னர்ச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அவர்களைப் பாராட்டினார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற செய்தி. பாருங்கள், அங்கே கணக்கு இல்லையே என்கிறார்கள்.

ஹதீஸை முழுமையாகப் படிக்க வேண்டும். ஒரே பாத்திரத்தைக் கொண்டு பங்கிட்டார்கள் என்ற சொல் அதில் இருக்கிறது. பாத்திரம் என்பது அளவை. தம் உயிரினும் மேலாக ஒருவரையொருவர் நேசித்தவர்கள், பசியின் நடுவிலும் அளவைப் பாத்திரத்தைக் கைவிடவில்லை. அதோடு, அவர்கள் ஒவ்வொருவரும் தம்மிடமிருந்த எல்லாவற்றையும் துணியில் கொட்டினார்கள். நம் அறைகளில் துணியில் கொட்டுபவர் ஒருவர், அள்ளுபவர் வேறொருவர்.

இமாம் புகாரீ (ரஹ்) இந்த ஹதீஸைத் தம் நூலில் எங்கே வைத்தார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. கூட்டுடைமை பற்றிய பகுதியின் தொடக்கத்தில், பயணிகள் உணவைச் சேர்த்து வைத்து உண்பது குறித்த பாடத்தில் வைத்தார்கள். அதே பாடத்தில்தான் அபூ உபைதா (ரலி) தலைமையில் கடற்கரைக்குச் சென்ற முந்நூறு பேரின் செய்தியும் வருகிறது. உணவு குறைந்ததும் படையின் பேரீச்சம்பழம் முழுவதையும் ஒன்றுசேர்க்கச் சொன்னார் தலைவர். நாள்தோறும் சிறிது சிறிதாகப் பங்கிட்டார். கடைசியில் ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்றாயிற்று. பிறகுதான் கரையொதுங்கிய பெரும் மீனை அல்லாஹ் கொடுத்தான். மீன் கிடைத்த கதையை நாம் பிள்ளைகளுக்கு விரும்பிச் சொல்கிறோம். ஒற்றைப் பேரீச்சம்பழத்தை முந்நூறு பேருக்கும் தவறாமல் எண்ணிக் கொடுத்த நிர்வாகத்தைச் சொல்வதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்தால் நாமும் அநீதி இழைத்தவராவோம். கணக்கு வேண்டும் என்றவுடன் சிலர் தட்டில் விழும் சோற்றுப் பருக்கையை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டியில் முட்டையின் மேல் பெயர் எழுதி வைத்த அறையை நாம் அறிவோம். இது மார்க்கம் அன்று. அனாதைகளின் பொருளைக் குறித்த எச்சரிக்கை இறங்கியபோது, அவர்களை வளர்த்த ஸஹாபாக்கள் அஞ்சி, அனாதையின் உணவைத் தனியே சமைத்துத் தனியே வைத்தார்கள். மிஞ்சியது கெட்டுப்போயிற்று, சிரமம் கூடிற்று. நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, கலந்து வாழ்ந்தால் அவர்கள் உங்கள் சகோதரர்களே என்ற அனுமதி அல்பகராவின் 220ஆம் வசனத்தில் வந்தது. கூடவே, சீர்செய்பவனையும் கெடுப்பவனையும் அல்லாஹ் பிரித்தறிவான் என்ற எச்சரிக்கையும் அதே வசனத்தில் இருக்கிறது. அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனமோ, சேர்ந்து உண்டாலும் தனித்து உண்டாலும் குற்றமில்லை என்று இலகுவாக்கியது.

ஆகவே ஒருவர் மூன்று குபூஸ் தின்கிறார், இன்னொருவர் ஒன்று தின்கிறார் என்ற வேறுபாட்டை மார்க்கம் மன்னிக்கிறது. ஆனால் அதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. பலர் சேர்ந்து உண்ணும்போது மற்றவர் அனுமதியின்றி இரண்டு பேரீச்சம்பழங்களை ஒருசேர எடுத்து உண்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். உணவு எல்லோருக்கும் பொதுவானதாக இருந்தால் மற்றவர் சம்மதமின்றி அப்படிச் செய்வது ஹராம் என்றே இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார்கள். தட்டில் தாராளமாக இருக்கலாம். பணத்தில் அப்படி இருக்க இடமில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். வாடகை வேறு, மெஸ் வேறு. இரண்டையும் குழப்புவதில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது. வாடகை என்பது இடத்துக்கு உரிய விலை. ஒருவர் ஊருக்கு விடுமுறையில் போனாலும் அவர் கட்டில் அவருக்காகக் காத்திருக்கிறது; எனவே அந்த மாத வாடகையை அவர் தந்தே ஆக வேண்டும். அந்தக் கட்டிலில் வேறொருவரைப் படுக்கவைத்துப் பணம் வாங்கினால், அந்தப் பணம் ஊருக்குப் போனவருக்கு உரியது. மெஸ் அப்படியன்று. அது உண்ட நாளுக்கு உரிய விலை.

ஐவர் உள்ள அறையில் ஒரு மாத மெஸ் செலவு 2070 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் 30 நாளும் உண்டனர். ஒருவர் 12 நாள் ஊரில் இருந்தார், 18 நாள் உண்டார். மொத்தம் 138 சாப்பாட்டு நாட்கள். நாளொன்றுக்கு 15 திர்ஹம். நால்வர் தலைக்கு 450, ஊருக்குப் போனவர் 270. "காக்கா தம்பி" முறையில் ஐந்தால் வகுத்தால் தலைக்கு 414. அதாவது, ஊரில் உம்மா கையால் உண்டவர், இங்கே உண்டவர்களுக்காக 144 திர்ஹம் கூடுதலாகக் கொடுக்கிறார். இதைக் கணக்கிட ஒரு காகிதமும் ஐந்து நிமிடமும் போதும். விருந்தாளி வந்து மூன்று நாள் தங்கினால், அந்த மூன்று நாளும் அழைத்தவர் கணக்கில் சேரும். மற்றவர்கள் மனமுவந்து ஏற்றுக்கொண்டால் அது ஸதகா. கேட்காமலேயே அவர்கள் தலையில் ஏற்றினால் அதற்குப் பெயர் வேறு.

மின்சாரம், தண்ணீருக்கான தேவா பில்லிலும் ஒரு நுணுக்கம் உண்டு. துபாயில் ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு வீட்டுக் கட்டணமாக அந்தப் பில்லிலேயே மாதந்தோறும் சேர்ந்து வரும். அது இடத்தைச் சேர்ந்த செலவு. எல்லோரும் தர வேண்டும். எரித்த மின்சாரமும் இறைத்த தண்ணீரும் இருந்தவர்களைச் சேர்ந்தவை. பில்லைப் பார்க்காமல் மொத்தத் தொகையை மட்டும் வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் பில்லையும் சேர்த்து அனுப்பினால் என்ன?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறோம். கைப்பக்குவம் உள்ளவர் தலையிலேயே சமையல் முழுவதையும் கட்டிவிட்டு, மெஸ் காசை மட்டும் அவரிடமும் சமமாக வாங்கும் அறைகள் உண்டு. உழைப்புக்கு விலை உண்டென்று குத்பாவில் கேட்டுவிட்டு வந்துதான் இதைச் செய்கிறார்கள்.

இனி, மிகப் பெரிய அநீதிக்கு வருவோம். அது மெஸ்ஸில் இல்லை, வாடகையில் இருக்கிறது. ஒருவர் தம் பெயரில் ஃபிளாட் எடுக்கிறார். பார்ட்டிஷன் போடுகிறார், கட்டில் போடுகிறார். ஊர்ப் பையன்களை அழைத்துத் தங்கவைக்கிறார். "மொத்த வாடகையை நாம எல்லாரும் பிரிச்சுக்கிறோம்" என்கிறார். மொத்த வாடகை எவ்வளவென்று எவருக்கும் தெரியாது. எஜாரி ஒப்பந்தத்தை எவரும் பார்த்ததில்லை. கூட்டிப் பார்த்தால் பையன்கள் தருவதே முழு வாடகையையும் தாண்டும். பெரியவர் சும்மா தங்கி, மேலே லாபமும் பார்க்கிறார்.

வாடகைக்கு எடுத்ததைக் கூடுதல் தொகைக்கு மறு வாடகைக்கு விடலாமா? நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் அது அடிப்படையில் கூடும். ஹனஃபீ மத்ஹபில் கட்டுப்பாடுகள் அதிகம். எனவே லாபம் பார்த்ததற்காக மட்டும் நாம் அவரைக் குற்றம் சாட்டவில்லை. காசோலைகளில் கையெழுத்திட்டவர் அவர். கட்டில் காலியாகக் கிடந்தால் இழப்பும் அவருக்கே. அதற்கு ஒரு தொகை வேண்டுமென்றால் வாய்விட்டுச் சொல்லட்டும்: "இந்தக் கட்டிலுக்கு இவ்வளவு, விருப்பமிருந்தால் வா." அது வியாபாரம். "பிரிச்சுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு லாபம் எடுப்பது பொய். ஃபிக்ஹு நூல்களில் முராபஹா என்ற வியாபாரம் உண்டு. வாங்கிய விலையைச் சொல்லி, அதன்மேல் இவ்வளவு லாபம் என்று விற்பது. அதில் வாங்கிய விலையைக் கூட்டிச் சொன்னது பின்னர் வெளிப்பட்டால், கூட்டிய தொகையும் அதற்குரிய லாபமும் கழிக்கப்பட வேண்டும் என்பது ஷாஃபிஈ நூல்களில் வலுவான கருத்து. அடக்க விலைக்கே தருகிறேன் என்று நம்பவைத்தவரின் நிலை அதைவிட மோசமானது.

மேலும், துபாயின் 2007ஆம் ஆண்டு 26ஆம் எண் வாடகைச் சட்டத்தின்படி வீட்டு உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலின்றி மறு வாடகைக்கு விடக் கூடாது. உடன் தங்குவோர் பெயர்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 2022 செப்டம்பரில் துபாய் நிலத்துறை அறிவித்தது. 2025 ஜூனில் அனுமதியற்ற பார்ட்டிஷன்களை அகற்றும் நடவடிக்கையும் தொடங்கிற்று. பெயர் பதியாத பையன் அந்நாளில் பெட்டியுடன் தெருவில் நிற்பான்; கொடுத்த அட்வான்ஸுக்கு அவனிடம் ஒரு சீட்டும் இராது. 2023 ஏப்ரல் 15 அன்று, ரமலான் நோன்புக் காலத்தில், தேராவின் அல் ராஸ் பகுதியில் ஒரு குடியிருப்புக் கட்டடம் தீப்பற்றி 16 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழகத்தாரும் இருந்தனர். இத்தகைய கட்டடங்கள் நிறைந்த ஊரில், இன்னுமொரு கட்டில் போட இடமிருக்கிறதா என்று தேடுகிறவர், அதனால் குறையும் வாடகையை மற்றவர்களுக்குத் தருகிறாரா, தம் பையில் போடுகிறாரா என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

இந்தக் கடற்கரைக்குப் பங்கு பிரிக்கத் தெரியாமல் இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், இலங்கையின் மறிச்சுக்கட்டியில் 1900களின் தொடக்கத்தில், நம் கரையிலிருந்தும் சென்று குளித்தவர்கள் உண்டு. படகில் வந்த சிப்பிகளைக் கொட்டு என்னும் அடைப்புக்குள் கொண்டுபோய், குளித்தவர்களே மூன்று சமக் குவியல்களாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. எந்தக் குவியல் யாருக்கு என்பதை அரசின் அலுவலர் சொல்வார். பிரிப்பவர் ஒருவர், தேர்ந்தெடுப்பவர் வேறொருவர் என்பதால் எந்தக் குவியலையும் சிறியதாக்கிப் பயனில்லை. மூச்சடக்கி உயிரைப் பணயம் வைத்தவனுக்கு மூன்றில் ஒன்றுதானா என்பது வேறு வாதம். ஆனால் குவியல் எல்லோர் கண்முன்னும் இருந்தது. இன்றைய அறைகளில் பில்லை வைத்திருப்பவர், வகுப்பவர், வசூலிப்பவர், மிச்சத்தை வைத்திருப்பவர் நால்வரும் ஒருவரே. மாதம் ஒருவர் கணக்கெழுதட்டும், வேறொருவர் சரிபார்க்கட்டும் என்றால் முகம் சுருங்குகிறது. நம்பிக்கை இல்லையா என்கிறார்கள். கடன் சிறிதோ பெரிதோ எழுதிவைக்கச் சலிப்படையாதீர்கள் என்ற கட்டளை குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆம் வசனத்தில் வந்தது. அது ஈமான் கொண்டவர்களை விளித்தே தொடங்குகிறது.

விசிட் விசாவில் வந்து வேலை தேடும் பையனை என்ன செய்வது என்று கேட்பார்கள். அவனிடமும் பங்கு கேட்பதா? கேட்காதீர்கள், ஆனால் அதையும் பேசி முடிவெடுங்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) துஆச் செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார்கள். கொடுப்பவர் கொடுப்பதாகச் சொன்னார். வாங்குபவர் சாய்ந்து கிடக்கவில்லை. இரண்டு மாதம் இலவசம், வேலை கிடைத்த பின் பங்கு என்று ஐவரும் ஒப்புக்கொண்டு சொன்னால், பையன் தலைநிமிர்ந்து உண்பான். சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு கவளமும் அவனுக்குத் தொண்டையில் நிற்கும். கொடுப்பவருக்கும் நெஞ்சில் நிற்கும்.

நாமும் குற்றமற்றவர் அல்லர். டிப்ளமா படித்த நாட்களில் மேலப்பாளையத்தில் மூன்று தோழர்களுடன் ஓர் அறையில் தங்கியிருந்தோம். மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு குண்டான், நான்கு தட்டு. நம் தம்பி ஒரு தேர்வுக்காக வந்து ஒன்பது நாள் தங்கினான். நாம் ஒரு பைசா கூடுதலாகப் போடவில்லை. எவரும் கேட்கவும் இல்லை. அவர்களில் ஒருவர் திங்கள், வியாழன்களில் நோன்பு வைப்பவர். நம்மில் மிக ஏழை. மாதம் முழுதும் சமபங்கு கொடுத்தவர். பல ஆண்டுகள் கழித்து ஒரு நிகாஹ் வீட்டில் அவரைச் சந்தித்தபோது, அந்த ஒன்பது நாளைச் சொல்லி ஒரு தொகையை அவர் கையில் வைத்தோம். சிரித்தார். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தோம். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒன்பதில்ல, பதினொரு நாள்" என்றார்.

தேரா அறைக்குத் திரும்புவோம். நாம் பேசிய பிறகு, ஐவரில் இருவர் தாமாகவே கணக்குப் பார்த்து, இறந்தவர் கட்டிய மெஸ் காசில் உண்ணாத நாட்களின் தொகையையும், குளிர்சாதனப் பெட்டிக்கும் வாஷிங் மெஷினுக்கும் இன்றைய மதிப்பில் ஒரு பங்கையும் அனுப்பிவைத்தார்கள். மூத்தவர், அறையைக் காலி செய்தாயிற்று, அட்வான்ஸ் வீட்டுக்காரரிடம் இருக்கிறது என்றார். பிறகு அழைப்பை எடுக்கவில்லை.

சென்ற ஷஃபான் மாதத்தில், மச்சினன் மீண்டும் வந்தார். ஊர் வந்த பெட்டியின் ஓரப்பையில் ஒரு சிறிய டைரி கிடைத்திருந்தது. மாதந்தோறும் இவர் கொடுத்தது, வாங்கியது எல்லாம் நீல மையில் சிறு எழுத்தில் இருந்தன. மூத்தவரிடம் அட்வான்ஸ் கொடுத்த தேதியும் தொகையும் இருந்தன. கடைசிப் பக்கத்தில், பக்கத்து அறையில் இருந்த மலையாளச் சகோதரர் ஒருவருக்கு 40 திர்ஹம் தர வேண்டும் என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். அந்த 40 திர்ஹத்தை முதலில் அனுப்பச் சொன்னோம், அன்றே அனுப்பிவிட்டார்கள். அட்வான்ஸ் இன்னும் வரவில்லை.